பச்சை நரம்புகள்

வெஜிமைட் தடவிய ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் வாரன் அதன் மேல் ஓர் இலையை வீசினான். ஏழு விரல் விரித்த கஞ்சா இலை. எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சள். நரம்புகள் மட்டும் பச்சையாக, யாரோ மெல்லிய பேனாவால் வரைந்து விட்டதுபோல இருந்தன.

"இது என்ன?" என்றான்.

"இலை."

"நக்கல் வேண்டாம் ஜில். என்னத்தத் தெளிச்ச?"

அந்த வீட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் முழு வாக்கியம் பேசி வாரக்கணக்காகியிருந்தது. ஆனால் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. செடி விற்கும் நர்சரியில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். யாராவது ஒரு நோயாளி இலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும், கொண்டுவந்தது பிசாசாக இருந்தாலும்.

"எங்கேருந்து பறிச்ச? உச்சியிலயா, அடியிலயா?"

"எங்க பறிச்சா உனக்கென்ன? பொணத்தக் காட்டினா, மாடியில செத்தானா கீழ செத்தானான்னு கேக்குற."

"அதத் தெரிஞ்சாதான் எப்படிச் செத்தான்னு சொல்ல முடியும்."

"எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியும். கொன்னவ இங்க உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கா."

கதவை அறைந்துவிட்டுப் போனான். நான் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சிலந்திப்பூச்சி இல்லை. புள்ளி இல்லை. காம்பின் அடியில் பிசின் ஒட்டியது. பூவுக்குப் பக்கத்தில் இருந்த இலைதான் அப்படி ஒட்டும். ஆகவே உச்சியிலிருந்து பறித்தது. பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது. அதைக் கேட்க ஆள் இல்லை.

செடி ஒரு கறாரான குடும்பம். தழைச்சத்து குறைந்தால் கிழட்டு இலைகளிலிருந்து அதைப் பிடுங்கிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை மஞ்சளாகும், உச்சி பச்சையாக இருக்கும். பூ முற்றுகிற காலத்தில் இது எல்லாச் செடிக்கும் நடப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஏப்ரலில், இந்தப் பக்கத்து இலையுதிர் காலத்தில், கேன்பராவின் ராக்குளிருக்கு இலை ஊதா நிறமாவதும் அப்படித்தான். ஆனால் இரும்புச்சத்து வேறு குணம். ஓர் இலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து அசையாது. மண்ணிலிருந்து புதிதாக வரவில்லையென்றால் பழைய இலைகள் கொழுகொழுவென்று இருக்க, புது இலை மட்டும் பட்டினி கிடக்கும். நரம்பைச் சுற்றி மட்டும் பச்சை மிஞ்சும். வாரன் வீசிய இலை அந்தப் பட்டினியின் புகைப்படம்.

ஏன் பட்டினி என்பதுதான் மீதிப் பாதி.

கணவன் மனைவியாக இனி இல்லை என்று ஆன பிறகும், வீடு விற்கும்வரை இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது என்று கோடையில் முடிவு செய்திருந்தோம். பிரிவதற்கு இந்த ஊரில் இரண்டு வாடகை வேண்டும், எங்களிடம் ஒன்றுக்கே பெருமூச்சு வந்தது. சாமான்களை வாரன்தான் பிரித்தான். குளிர்பெட்டி எனக்கு, வாஷிங் மெஷின் அவனுக்கு. என் குளிர்பெட்டியில் அவனுக்கு ஒரு தட்டு விட்டேன். அவன் மெஷினில் எனக்கு ஒரு காலுறை துவைக்கவும் இடமில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் காசு போடுகிற மெஷினுக்குப் போய்வந்தேன்.

செடிகளைப் பிரிக்கச் சட்டமே வசதி செய்து வைத்திருக்கிறது. கேன்பராவில் கஞ்சா வளர்ப்பது குற்றமில்லை, ஆளுக்கு இரண்டு, வீட்டுக்கு நான்கு. முன்பெல்லாம் நான்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரே பாத்தியில் நிற்கும். இந்த வருடம் என் கை படக்கூடாது என்று தன் இரண்டையும் துணி துவைக்கும் அறையின் சுவரோரமாக, எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில், தன் ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி நட்டான். நன்றாகவே வளர்த்தான், மறுக்கமாட்டேன். மார்ச்சில் கூரையைத் தொட்டன. என்னுடையவை குட்டையானவை. நான் அலங்காரத்துக்கு வளர்க்கிறேன் என்று தன் நண்பன் மிக்கிடம் சொல்லிச் சிரித்தான்.

அவனுக்கு அவை அலங்காரம் இல்லை. கூரை ஓடு வேய்கிறவனாக இருந்தான். விழுந்து முதுகு போன பிறகு ஒரு கட்டுமானப் பொருள் கடையில் மரம் அளந்து விற்கிறான். விழுந்ததற்குப் பிந்தைய இரண்டு வருடம் டாக்டர் கொடுத்த மாத்திரையில் போயிற்று. முதலில் வலிக்கு விழுங்கினான், பிறகு மாத்திரைக்காக விழுங்கினான். சூப் தட்டில் முகம் வைத்துத் தூங்கினான். காரை எதிர்வீட்டுத் தபால்பெட்டி மேல் ஏற்றினான். மாத்திரையை விட்டதும் இந்தச் செடியைப் பிடித்தான். இது வலியைக் குறைக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ராத்திரி தூங்கினான். காலையில் எழுந்து கெட்ட வார்த்தையில் திட்டினான். முந்தைய வாரனைவிட இந்த வாரன் மேல் என்றுதான் அப்போது நினைத்தேன். ஏப்ரல் கடைசியில் வரும் ஆன்சாக் தினத்துக்குள் அறுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு உறைபனி விழும். உச்சி இலைகள் சாப்பாடு செய்யாமல் நின்றுவிட்டால் பூ பஞ்சாகிப் போகும். ஒரு குளிர்காலம் முழுவதும் கையில் ஒன்றுமில்லாமல் கழிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மிக் வந்தான், நோயாளியைப் பார்க்க. வாரனோடு கூரையில் வேலை செய்தவன். ஒரு கையில் பியர், மறு கையில் வறுத்த சாஸேஜ் சுற்றிய ரொட்டி. நான் என் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"மஞ்சளாச்சுன்னா பசிதாண்டா. கோழி எரு போடு" என்றான்.

"போட்டேன். இன்னும் மஞ்சளாச்சு."

"அப்போ வெஷந்தான்." சாஸேஜைக் கடித்தான். "எங்க மாமா வேலிக்கு அந்தாண்ட இருந்தவன் களைக்கொல்லி அடிச்சான். இதே மஞ்சள்தான்." என் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "என்ன ஜில், நர்சரியில களைக்கொல்லி தள்ளுபடியாமே?"

"உனக்கு அடிக்கிற அளவுக்குத் தள்ளுபடி இல்ல மிக்."

"பாத்தியாடா, ஒத்துக்கிட்டா!"

களைக்கொல்லி பட்டிருந்தால் குருத்து அடியிலிருந்து வெளுக்கும். இலை நூலாகச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். முதலில் கீழே இருக்கிற புல் சாகும். வாரனின் செடிக்கு அடியில் புல் செழித்து நின்றது, மிக் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அப்போதுதான் எலுமிச்சை மரம் கண்ணில் பட்டது. அதன் நுனிக் கிளைகளிலும் அதே மஞ்சள், அதே பச்சை வலை.

துணி துவைக்கும் அறையின் ஜன்னல் வழியாக, மெஷினின் கழிவுநீரை விடும் ஒரு சாம்பல்நிறக் குழாய் வெளியே வந்து, எலுமிச்சையைச் சுற்றி, வாரனின் இரண்டு செடிகளுக்கு நடுவில் முடிந்தது. வறட்சிக் காலத்தில் இந்தத் தெருவில் எல்லா வீட்டு ஜன்னலிலும் இந்தக் குழாய் தொங்கியது. தண்ணீரைச் சாக்கடையில் விட்டவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்த வருடங்கள் அவை. மழை வந்த பிறகும் வாரன் குழாயைக் கழற்றவில்லை. நான் துவைத்தவரை தோட்டத்துக்குக் கெடுதல் செய்யாத திரவ சோப்பு வாங்குவேன், விலை கூடத்தான். மெஷின் தன்னுடையதானதும் அவன் கிடைத்ததிலேயே மலிவான பெரிய டப்பாத் தூளை வாங்கினான். அந்தத் தூளில் பாதி சோடா, பாதி உப்பு. கடை உடுப்பைத் தினமும் துவைத்தான். தினமும் ஒரு மெஷின் சோடாத் தண்ணீர் அந்த வேருக்குப் போயிற்று. மண்ணில் காரம் ஏறினால் இரும்பு கரையாது. மண் நிறைய இரும்பு இருந்தாலும் வேரால் ஒரு துளி குடிக்க முடியாது. என்னிடமிருந்து காப்பாற்றத்தான் செடியை அங்கே நட்டான். வேறெங்கு நட்டிருந்தாலும் பிழைத்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்தது மகிழ்ச்சி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டு நாள் அந்த மகிழ்ச்சியை வாயில் மிட்டாய்போல ஒதுக்கி வைத்துக்கொண்டு நடமாடினேன். மூன்றாம் நாள், சமையலறையில் அவன் தேநீர் போடும்போது, மிட்டாய் கரைந்து வெளியே வந்துவிட்டது.

"உன் குழாய எடுத்துப் புல்லுல போடு."

"ஏன்?"

"அந்தத் தண்ணிதான் காரணம்."

சிரித்தான். "ஓஹோ. வெஷம் வெச்சு சாகல, இப்போ தண்ணிய நிறுத்திக் கொல்லணுமா டாக்டரம்மா?"

"சோப்புத் தூள்ல சோடா இருக்கு வாரன். அது மண்ண..."

"முப்பது வருஷம் மண்ணு, வேருன்னு கேட்டாச்சு. கேமரா மாட்டியிருக்கேன். செடிகிட்ட வந்தா படமும் சத்தமும் என் போனுக்கு வரும். ஒரு தடவ வா, போதும். வக்கீல்கிட்ட காட்டிட்டு உன்ன மூட்டையோட வெளிய அனுப்பறேன்."

உண்மைதான், எலுமிச்சைக் கிளையில் ஒரு கேமராவைக் கட்டியிருந்தான். ஒற்றைக் கண், அதன் ஓரத்தில் சிவப்புப் பொட்டு. நான் துணி காயப்போடப் போனால் கிளைக்குள்ளிருந்து முறைத்தது. சரி, சாகட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையாகவே விட்டேன். மஞ்சள் கீழிறங்கியது. இலை விளிம்புகள் பழுப்பாகிச் சுருண்டன. காலையில் காப்பியோடு ஜன்னலில் நின்று, இன்றைக்கு எத்தனை தூரம் என்று பார்ப்பேன். பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவான படம் கிடைக்காது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை குளிர்பெட்டியில் அவன் தட்டில், பியருக்கும் பன்றிக்கறிக்கும் நடுவில், ஒரு வெள்ளைக் காகிதப் பை இருந்தது. மருந்துக்கடைப் பை. மடிப்பு கலையாமல், பின் அடித்தபடியே இருந்தது. அந்தப் பழைய வலி மாத்திரை. அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியதே இல்லை. எனக்குத் தெரியட்டும் என்று வைத்தானா, எடுக்கும் முன் யாராவது கேட்கட்டும் என்று வைத்தானா, தெரியவில்லை. கதவைத் திறந்தபடி நின்றேன், குளிர்பெட்டி கத்த ஆரம்பிக்கும்வரை. சூப்பில் வைத்த முகம் ஞாபகம் வந்தது. மூக்கு அடைக்காமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்த என் முகமும். இன்னொரு தடவை அப்படிக் குனிய என்னால் முடியாது. அது அன்பில்லை. என் முதுகும் பழையது.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போன பிறகு மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. நேரம் வைத்துவிட்டுப் போவான். நான் பின்கதவைத் திறந்து புல்லைத் தாண்டி நேராக எலுமிச்சை மரத்துக்குப் போனேன். சிவப்புப் பொட்டு விழித்துக்கொண்டது.

"நல்லாப் பாரு வாரன். படமெடுத்துக்கோ, வக்கீலுக்கும் காட்டு. நாந்தான், ஜில். கையில ஒண்ணுமில்ல." இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவன் செடியின் உச்சியை வளைத்து ஓர் இலையைக் கிள்ளினேன். "இது உச்சி இலை. பொணம் மாடியில. அடியில பாரு, பச்சையா இருக்கு. வெஷம்னா இந்தப் புல்லு இருக்குமா? மிக் இது மேல நின்னுதான் வெஷம்னான், அந்த மடையன். இப்போ இந்த எலுமிச்சையப் பாரு. இதுக்கும் நானா வெஷம் வெச்சேன்?" மெஷின் உள்ளே முனகி, தண்ணீரைத் துப்பியது. குழாய் துள்ளி, நுரை கக்கியது. அதை எடுத்து, இழுத்துக்கொண்டுபோய், புல்லின் நடுவில் போட்டேன். "இது உன் ஜட்டித் தண்ணி. இனிமே இங்கதான். செடிக்கு மழைத்தொட்டித் தண்ணிய நெறைய ஊத்து, உப்பு எறங்கட்டும். அப்புறம் கரைச்ச இரும்புச்சத்து வேர்ல ஊத்து, எங்க கடையில இருக்கு, வேற கடையிலயே வாங்கித் தொலை. மேல தெளிக்காத, பூவுல பூஞ்சை பிடிக்கும். மஞ்சளானது திரும்பாது. அடுத்த குருத்து பச்சையா வந்தா பொழச்சுது. வரலன்னா என்னைத் திட்டு."

மூச்சு வாங்கியது. யாரும் குறுக்கே பேசாமல் நான் ஒன்றைச் சொல்லி முடித்து எத்தனையோ காலமாயிற்று. நுரைக்குள் ஒரு மேக்பை பறவை நடந்து, காலை உதறிவிட்டு, என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. வீட்டுக்குத் திரும்பினேன்.

முதுகுக்குப் பின்னால் கேமரா கரகரத்தது. அதில் பேசவும் முடியும் என்று எனக்குத் தெரியாது. பின்னணியில் மரம் அறுக்கிற சத்தம், யாரோ விலை கேட்கிற சத்தம்.

"ஏய்."

நின்றேன்.

"நெழல்ல காட்டினா ஒரு எழவும் தெரியல. வெளிச்சத்துல பிடி."

திரும்பிப் போனேன். இலையின் காம்பை இரண்டு விரலில் பிடித்து, வெயிலுக்கும் அந்தக் கண்ணுக்கும் நடுவே உயர்த்தினேன். வெயில் மஞ்சளுக்குள் புகுந்தது. ஏழு விரலிலும் பச்சை நரம்புகள், ஒன்றையொன்று தொடாமல், ஒரே காம்பில் வந்து சேர்ந்தன. மறுமுனையில் மரம் அறுக்கிற சத்தம் நின்றது. கை வலித்தது. நான் அதைக் கீழே இறக்கவில்லை.