பாலத்தில் ஒரு மணி நேரம்

ஆறு ஆண்டுகளாக சுங்கை பெலாராவைப் பற்றி இரண்டு நாடுகள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே எல்லையாக ஓடும் ஆறு அது. மாதம் ஒரு நாள், காலை எட்டு மணிக்கு, ஒரே பாலத்தில் இரு தரப்பும் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மலேசியத் தரப்புக்காகச் சோதித்தது பினாங்கில், பாயான் பாருவில் இருந்த ஒரு சிறிய ஆய்வுக்கூடம். அங்கே அம்மோனியா லிட்டருக்கு மூன்று மில்லிகிராமைத் தொடும். தாய்லாந்தில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது.

"அழுக்கு உங்கள் கரையிலிருந்து வருகிறது, அதை மறைக்கிறீர்கள்" என்றது இந்தப் பக்கம். "ஐந்து மணி நேரம் காரில் கொண்டுபோனால் தண்ணீர் கெடாமல் என்ன செய்யும்" என்றது அந்தப் பக்கம். அக்டோபரில் ஜார்ஜ் டவுனில் நடக்கவிருந்த கூட்டத்தோடு ஒப்பந்தத்தையே கைவிட்டுவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

ஆய்வுக்கூடத்தின் தலைமை வேதியியலாளர் ரோசலினுக்கு அது பொறுக்கவில்லை. அவள் கையெழுத்திட்ட எண்கள் அவை. தாய்லாந்து ஆய்வுக்கூடத்தில் தன்னைப் போலவே தலைமை வேதியியலாளராக இருந்த பிம்சிரி என்ற பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தாள். வரும் புதன்கிழமை ஆட்களை அனுப்பாமல் தாங்களே பாலத்துக்கு வருவதென்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

புதன் காலை எட்டு மணிக்கு ரோசலின் பாலத்தின் நடுவில் நின்றாள். எதிர்க்கரையில் யாரும் இல்லை. ஆறு ஆண்டுகளாக அங்கே தண்ணீர் எடுத்துவந்த நாதன், போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கி நிரப்பி எடுத்தார்.

"அவங்க வர மாட்டாங்க மேடம்," என்றார். "இத்தன வருசத்துல ஒரு தடவகூட அங்க ஆளு நின்னு நா பாத்ததில்ல."

"நீங்க எப்ப கெளம்புவீங்கண்ணே?"

"எட்டேகாலுக்கு. அதுக்கு மேல நின்னா லேப்புக்கு லேட்டாயிரும்லா."

"இன்னிக்கு இருந்து பாத்துருவோம்."

வெயில் ஏறியது. ரோசலினின் கோபமும் ஏறியது. ஒன்பது மணிக்கு எதிர்க்கரையில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. ஐஸ் பெட்டியோடு இறங்கிய பெண் சிரித்துக்கொண்டே நடந்து வந்து, ஆங்கிலத்தில், "நான் பிம்சிரி. சரியாக எட்டு மணி," என்றாள்.

ரோசலின் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவங்க மணி நமக்கு ஒரு மணி நேரம் பிந்தி, மேடம்," என்றார் நாதன் மெதுவாக.

எல்லையில் மேயும் ஆட்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் காலை எட்டு மணி என்று மட்டும் இருந்தது. யாருடைய எட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நீங்கள் வருவதே இல்லை என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பே இருக்கிறது," என்றாள் பிம்சிரி. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ரோசலினுக்கு ஒன்று உறைத்தது. பிம்சிரியை அப்போதே தண்ணீர் எடுக்கச் சொன்னாள். அம்மோனியா இருந்தால் பச்சையாக மாறும் சோதனை மருந்தை இரண்டு போத்தல் தண்ணீரிலும் அங்கேயே கலந்தார்கள். எட்டு மணித் தண்ணீர் கரும்பச்சையானது. ஒன்பது மணித் தண்ணீர் வெளிர்மஞ்சளாகவே நின்றது. யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒன்று பாலத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

நான்கு நாள் தங்கினார்கள். விடியலிலிருந்து அரை மணிக்கு ஒரு போத்தல் என்று எடுத்து, ஆற்றோடு மேலே மேலே போனார்கள். பச்சை நிறம் அவர்களை ஒரு சிற்றோடைக்குக் கூட்டிப்போனது. அதன் கரையில் இருந்த ரப்பர் பால் ஆலை, தினமும் விடியும் முன் கழிவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. ஓடை இருந்தது மலேசியாவில்.

ரோசலின் ஓடையையும் ஆலையையும் குறித்துக் கொண்டுவந்த வரைபடத்தை ஆய்வுக்கூட இயக்குநர் ஷஃபீக் வெகுநேரம் பார்த்தார்.

"ரோஸ், ஆறு வருசமா அவங்களக் கை காட்டிட்டு, இப்ப நம்ம வீட்டுலருந்துதான் வருதுன்னு நாமளே போய் சொல்றதா? மேல என்ன கேப்பாங்க, தெரியும்ல?"

"நம்ம நம்பர் ஒண்ணுகூட தப்பில்ல, பாஸ். வந்தத வந்தபடி அளந்திருக்கோம். எங்கருந்து வந்துச்சுன்னுதான் தெரியாமப் பேசிட்டோம். ரெண்டையும் சொல்றேன்."

ஷஃபீக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஆனா நீதான் பேசணும். நா பேசுனா பாதியில மழுப்பிருவேன்."

ஜார்ஜ் டவுன் கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ரோசலின் திரையில் ஒரே ஒரு கோட்டைக் காட்டினாள்: மலேசிய நேரப்படி அம்மோனியா ஏழு மணிக்கு ஏறி, எட்டுக்கு உச்சி தொட்டு, ஒன்பதுக்குள் இறங்கிவிடும் கோடு. ஓர் ஓடைக்கரை ஆலையின் கழிவு அது என்றாள். பிம்சிரி எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தாய்லாந்துக் குழுத் தலைவர், நரைத்த தலை அதிகாரி, கேட்டார்: "அந்த ஓடை எந்த நாட்டில் இருக்கிறது?"

"எங்கள் நாட்டில்."

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது."

"சண்டையும் ஓய்ந்திருக்காது, ஐயா. தண்ணீரும் அப்படியேதான் இருந்திருக்கும்."

அவர் தன் முன்னால் இருந்த கோப்பை மூடினார். "எங்கள் கரையிலும் இரண்டு ஓடைகள் உண்டு. இதுவரை உங்களை அங்கே விட்டதில்லை. வந்து அளந்து பாருங்கள்."

கைத்தட்டல் எந்தப் பக்கம் தொடங்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டே வாரத்தில் அந்த ஆலையின் குழாய்க்கு முத்திரை விழுந்தது. பிப்ரவரியில் ஒரே வாளியிலிருந்து நிரப்பிய போத்தல்கள் இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கும் போயின. இங்கே அம்மோனியா 0.31 மில்லிகிராம் வந்தது. பத்து நிமிடத்தில் பிம்சிரி அனுப்பினாள்: 0.33. ஷஃபீக் அன்று வேலையை நிறுத்தச் சொல்லி, மொத்தக் கூட்டத்தையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நாசி கண்டார் சாப்பிடக் கூட்டிப்போனார்.

சோற்றுக்குக் காத்திருந்தபோது ரோசலின் நாதனை அழைத்தாள். அவர் எல்லையில் இருந்தார்.

"அண்ணே, ரெண்டு நாடும் சேந்து போடுற ரிப்போர்ட்ல ஒங்க பேரும் வருது. மொத பக்கத்துலயே."

"எம்பேரு எதுக்கு மேடம்? நா போத்தல்ல தண்ணி புடிக்கிறவன்தானே."

"நீங்க ஒழுங்கா புடிச்சதாலதான்ணே மத்ததெல்லாம்."

மறுமுனையில் ஐஸ் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப நாதன் சூசைராஜ்னு முழுசா போடுங்க மேடம். அப்பா பேர விட்றாதீங்க."