தராசு காட்டாத கனம்

கீழச்சோலை நெல் கொள்முதல் நிலையத்தில் அந்தத் தை மாதம் மூட்டைகளின் கனம், பொறுப்பாளரின் பேச்சைப் பொறுத்து மாறத் தொடங்கியது. தராசில் எல்லா மூட்டையும் நாற்பது கிலோ அறுநூறு கிராம்தான். தோளில் ஏற்றினால்தான் வித்தியாசம் தெரிந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன புதிய பொறுப்பாளர் தஹ்மீனா, தனக்குத்தான் ஏதோ தப்பாகப் படுகிறது என்று நினைத்து ஒரு வாரம் குறித்துப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தபடி "ஏத்துங்க" என்று அதட்டினால் சுமைக்காரர்களுக்கு முழங்கால் மடங்கியது. "மூணு மணிக்குள்ள லாரி கிளம்பலைன்னா குடோன்ல இறக்க மாட்டாங்க" என்று காரணத்தைச் சொன்னால், அதே மூட்டை தலையணைபோல ஏறியது. சுமைக்காரர்களின் தலைவர் காத்தானுக்கு இதில் வியப்பே இல்லை. "முந்தி இருந்த சார் காலத்துல வெறுஞ்சாக்கைத் தூக்கினாலே இடுப்பு புடிச்சுக்கும் மேடம்" என்றார்.

இரண்டாம் வாரத்தில் தன் நோட்டில், 'கனம் குறைய அண்ணே என்று குழைந்தால் போதும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவைத்தாள்.

மறுநாள் பெரிய நிலக்காரர் துரைராசுவின் நெல்லை முதலில் எடுக்கச் சொல்லி மேலதிகாரி போன் செய்தார். இல்லையென்றால் மாற்றல் என்பதையும் சிரித்தபடியே சொன்னார். வரிசையில் முதலில் இருந்தது குத்தகைக்காரர் மங்களாம்பிகையின் குவியல். ஒன்பது நாளாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கோடியக்கரைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. நனைந்தால் ஈரம் கூடிப்போய் நெல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். தஹ்மீனா இருவரின் டோக்கன்களையும் வாங்கி, எண்களை மாற்றி எழுதிக்கொடுத்தாள். பிறகு வெளியே வந்து, "காத்தாண்ணே, கொஞ்சம் எனக்காக" என்று துரைராசுவின் மூட்டைகளைக் காட்டினாள்.

மூட்டை அசையவில்லை. ஆறு பேர் பிடித்தார்கள். அடியில் சிமெண்டுத் தரை கீறல் விட்டது.

"அதட்டினதுக்கே இவ்வளவு கனம் இல்லையே. என்ன மேடம் பண்ணினீங்க?" என்றார் காத்தான்.

"என் டோக்கனை வாங்கிட்டுப் போனாங்கள்ல, அதைக் கேளுங்க. சொல்லும்" என்றார் தார்ப்பாயை விட்டு எழுந்திருக்காத மங்களாம்பிகை.

தஹ்மீனா காத்தானிடம் திரும்பினாள். "நம்பரை மாத்தினது நான்தான். போன் வந்துச்சு, பயந்துட்டேன். அக்கா நெல்லுதான் முதல்ல" என்றாள். அதட்டலும் இல்லை, குழைவும் இல்லை. காத்தான் மங்களாம்பிகையின் முதல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டாவதைக் கக்கத்தில் இடுக்கினார். கடைசி மூட்டை லாரியில் ஏறியபோது முதல் துளி விழுந்தது. துரைராசுவின் நெல் மூன்றாம் நாள் தன் முறையில் பஞ்சுபோல ஏறியது.

திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு வந்தது. ஒரே தாள்தான், தபால்காரர் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். காத்தானும் மூன்று பேரும் முக்கி முனகி அதை உள்ளே கொண்டுவந்தார்கள்.

"எங்க வைக்கட்டும் மேடம்? மேசை தாங்காது."

தஹ்மீனா தரையைக் காட்டினாள். குனிந்து படித்துவிட்டு, அதில் போட்டிருந்த முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறக் கிளம்பினாள். அந்தத் தாள் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. புதிதாக வரும் பொறுப்பாளர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நாற்காலிக்குப் போகிறார்கள்.