பின்கதவுத் தாத்தா

மூன்று வருஷம் முன்பு எங்கள் ப்னோம்பென் தையல் ஆலையில் ஒரே நாளில் இருபது பெண்கள் மயங்கி விழுந்தார்கள். கூடத்தில் காற்றே இல்லை என்று சொன்னால் வேலை போய்விடும் என்பதால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இந்த மண்ணைக் காக்கும் காவல் ஆவியான தாத்தாவுக்குக் கோபம் என்றோம், பீடம் கேட்டோம். எதையும் தராத மேனேஜர் மறுநாளே மரப்பீடம் செய்து, பின்கதவை மறைத்தபடி அதன் முன்னால் வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் முன்வாசல் பக்கம் இஸ்திரி மேசையின் ஒயர் வெடித்து, துணிக்கட்டுகள் பற்றிக்கொண்டன. பின்கதவுக்கு ஓடிய அத்தனை பேரும் பீடத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள். புகை எங்கள் தலைக்கு இறங்கியது.

"நகர்த்துங்கடி!" என்று கத்தினேன்.

"தாத்தாவத் தொடாதக்கா, குடும்பமே நாசமாயிடும்!" என்று பக்கத்து மெஷின் சொபியாப் அழுதாள்.

"நீ இருந்தாத்தானடி குடும்பம்! வந்து பிடி!"

மன்னிப்புக் கேட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளினோம். படையல் வாழைப்பழமும் ஊதுபத்திச் சாம்பலும் காலில் கொட்ட, பீடம் நகர்ந்தது.

கதவில் கையகலப் பூட்டு துருவேறித் தொங்கியது. மூன்று வருஷமாக ஊதுபத்தி ஏற்றி நாங்கள் கும்பிட்டது அதைத்தான்.