ஜானவாச வண்டியின் ஒடுக்கு

வலது பக்கத்துப் பின் மட்கார்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்ளே போயிருந்தது. நடுவில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. முந்தின இரவு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்தபோது இவ்வளவு இல்லை என்றுதான் அழகிரி நினைத்திருந்தான். காலை வெயிலில் அதை மறுபடி பார்த்தபடி வெகுநேரம் நின்றான். அவன் மனைவி வெள்ளையம்மாள் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அது மேல்கூரையை மடக்கி வைக்கக்கூடிய பழைய செவர்லே. ஒரு ஜமீன் வீட்டிலிருந்து விலைக்கு வந்தது. லால்குடிப் பக்கத்தில் தன் பங்கு நிலத்தை அண்ணன் தர்மராஜுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு அழகிரி அதை வாங்கினான். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னால் போக, வீதி சுற்றி அழைத்து வருவார்கள். ஜானவாசம் என்று பெயர். அதற்குத் தோதான வண்டிகள் அப்போது ஊரில் இரண்டுதான். ஒன்று தென்னூரில் இருந்தது. இன்னொன்று மன்னார்புரத்தில் அழகிரி வீட்டு வாசலில் நின்றது. கல்யாண மாதங்களில் ஓடினால் மற்ற மாதங்களுக்குச் சோறு. ஓடாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு அண்ணன் வயலில் கூலிக்குப் போய் நிற்கவேண்டும். அப்படி நிற்கும் நாளுக்காகத் தர்மராஜ் காத்திருப்பது அழகிரிக்குத் தெரியும்.

இடித்தது அவன் தவறு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தெற்குச் சித்திரை வீதியிலிருந்து மேலச் சித்திரை வீதிக்குத் திரும்பும் மூலையில் கூட்டம் நெருக்கியது. வண்டி ஒரே வீச்சில் திரும்பாது என்று தெரிந்தது.

"கொஞ்சம் பின்னால எடுத்துத் திருப்பிக்கிறேன் சாமி" என்றான்.

பெண்ணின் மாமா பராசரன் முன்னால் நின்று ஊர்வலத்தை நடத்திக்கொண்டிருந்தார். கையைத் தூக்கித் தடுத்தார்.

"மாப்பிள்ளைய வச்சுண்டு பின்னால போகப்படாதுப்பா. அப்படியே முன்னால வா. நான் பாத்துக்கறேன். வா, வா."

சுவர் மூலையில் நட்டிருந்த கல்லை அழகிரி தலையைத் திருப்பிப் பார்த்தான். இடிக்கும் என்று தெரிந்தது. ஆனால் பட்டுக் கரை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இத்தனை பேர் நடுவில் வா என்று கை காட்டும்போது நிற்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. வந்தான். தவில் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையில்தான் அது தெரிந்தது.

ஆனி கடைசி முகூர்த்தத்துக்கு வக்கீல் வரது தன் பெண் பூமாவின் ஜானவாசத்துக்கு வண்டியைச் சொல்லி வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஆடி. ஒரு கல்யாணமும் கிடையாது. வக்கீல் முன்கூட்டியே வந்து வண்டியைப் பார்ப்பார். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

"பூவை வச்சு மறைச்சிரலாமே" என்றாள் வெள்ளையம்மாள்.

"அவரு பூ வைக்கிறதுக்கு முந்தியே வருவாருடி."

பாலக்கரையில் டிங்கர் பட்டறை வைத்திருந்த நிஜாமுதீன் மட்கார்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே குனிந்து உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது யாரு தள்ளிவிட்டது, மாப்பிள்ளையா, மாமனாரா?"

"மாமா."

"அப்ப சரியாத்தான் தள்ளியிருக்காரு." பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "கம்பெனி ஒர்க்ஷாப்புக்குப் போனீங்கன்னா புது மட்கார்டுக்கு பம்பாய்க்கு எழுதிப் போடுவான். அது வந்து சேர்றதுக்குள்ள நேத்து மாப்பிள்ளைக்குப் புள்ளையே பொறந்துரும்."

"நீங்க செய்யிறத சொல்லுங்க பாய்."

"மேலாப்புல பட்டி வச்சு அடைச்சு, பெயிண்ட தடவி இன்னிக்கே அனுப்பிரலாம். செலவு கம்மி. ஆனா ஜானவாச வண்டியில சாயாத ஆளு யாரு? நாலு பேர் கைய ஊனினா பேந்து கையோட வந்துரும். அப்புறம் என்னையத்தான் ஏசுவீங்க."

"அது வேணாம்."

"கழட்டி உள்ளேருந்து தட்டி எடுக்கலாம். மேல லேசா பட்டி. அதுதான் வேலை. ஆனா பெயிண்ட்டுல இடிக்குது. உங்க வண்டி வெயில்ல வெளுத்துப்போச்சு. இது ஒண்ணுக்கு மட்டும் புதுசா அடிச்சா, பொக்கை வாயில ஒத்தத் தங்கப் பல்லு மாதிரி இளிக்கும். வண்டி முழுசுக்கும் அடிக்கலாம். அடிக்கிறீங்களா?"

அழகிரி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். நிஜாமுதீன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பீடியை அணைத்தார்.

"சரி, வெளுத்த நிறத்துக்கே கலந்து பாக்குறேன். வர்ற மாதிரி வரட்டும். தேய்க்கிற வேலைய நீங்களே செய்யுங்க. கூலி அவ்வளவுக்கு மிச்சம்."

அதோடு நின்றிருந்தால் போதும். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும்போதுதான் பராசரனிடம் செலவில் பாதி கேட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது. கேட்பது நியாயம் என்று பட்டது. நியாயம் என்று பட்டதால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மறுநாள் உத்திர வீதியில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். பராசரன் பேப்பரோடு வெளியே வந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"மட்கார்டு நல்லா நசுங்கிப்போச்சு சாமி. பாதி நீங்க பாத்துக்கிட்டா உதவியா இருக்கும்."

"நானா ஓட்டினேன்? ஸ்டீயரிங் யார் கையில இருந்தது?"

"நான் பின்னால எடுக்குறேன்னு சொன்னேன். நீங்கதான் வரச் சொன்னீங்க."

பக்கத்துக் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பினார்கள். பராசரன் அவர்களையும் பார்த்துக்கொண்டார். அவர் குரல் உயர்ந்தது.

"மாப்பிள்ளைய ஒக்காத்தி வச்சுண்டு கல்லுல போய் முட்டியிருக்கே. எங்க கொழந்தைக்கு ஒண்ணும் வராம பெருமாள் காப்பாத்தணும்னு நான் வேண்டிண்டு இருக்கேன். நீ பாதி கேட்டுண்டு வந்து நிக்கறே. ராசி கெட்ட வண்டி. போப்பா."

அழகிரி போனான். அதுவரை இடித்தது ஊர்வலத்தில் நெருங்கி வந்த சிலருக்குத்தான் தெரியும். அவர்களும் மறுநாள் கல்யாணச் சாப்பாட்டில் மறந்திருப்பார்கள். இப்போது குழாயடிக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் இடித்த கதையாக இல்லை, ராசியின் கதையாக. அதைத் தானே வீடு தேடிப் போய்க் கேட்டு வாங்கி வந்தோம் என்பது காவிரிப் பாலம் தாண்டும்போது அவனுக்கு உறைத்தது. வீட்டில் சொல்லவில்லை. வெள்ளையம்மாள் அவன் சைக்கிளை நிறுத்திய விதத்திலேயே தெரிந்துகொண்டாள்.

நிஜாமுதீன் தட்டி எடுத்துக் கொடுத்த மட்கார்டின் முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, மேடு தட்டினால் மறுபடி தேய்த்தான். விரல் நுனிகள் தோலுரிந்து எரிந்தன. நிஜாமுதீன் கிரீம் பெயிண்ட்டில் துளித்துளியாக மஞ்சளும் காவியும் விட்டு, ஒரு தகரத்தில் தடவிக் காயவைத்து, கதவோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பலமுறை தலையை ஆட்டி வேண்டாமென்றார். கடைசியில் ஒரு தகரத்தை அழகிரியிடம் நீட்டி, "எது கதவு, எது தகரம்?" என்றார்.

அழகிரி பல நாட்களுக்குப் பிறகு சிரித்தான்.

வக்கீல் வரது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். மட்கார்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"இந்தப் பக்கம்தானே பட்டது?"

"ஆமாங்க சாமி."

"தெரியவே இல்லையே. பேஷா பண்ணியிருக்கே." கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு இந்த ராசி கீசியெல்லாம் கிடையாது அழகிரி. ஆனா சம்பந்தி ஆத்துல ஆசாரம் ஜாஸ்தி. யாரோ மதுரை வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கா. அந்த வண்டி வேண்டாம்னுட்டா. பொண்ணப் பெத்தவன் நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

அழகிரி மட்கார்டைப் பார்த்தான்.

"தென்னூர் வண்டிய சொல்லிட்டேன். நீ ஒண்ணு பண்ணு. ஜங்ஷன்லேருந்து அவாள அழைச்சுண்டு வந்து விட்டுடு. உனக்கும் ஒரு வாடகை ஆச்சு."

அவர் போனபின் வெள்ளையம்மாள் கதவோரம் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளைக்கு ஆகாத வண்டி மாப்பிள்ளையோட பெட்டிக்கு ஆகுமாமா? போகாதீங்க."

"ஆடி வருதுடி."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

ஜங்ஷனில் மதுரை ரயில் வந்ததும் வக்கீல் மாலையோடு பிளாட்பாரத்துக்கு ஓடினார். சம்பந்தி கலகலப்பான மனிதர், ரிட்டயரான ஹெட்மாஸ்டர். வெளியே வந்ததும் செவர்லேயைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடேயப்பா, என்னமா வச்சிருக்கேப்பா. பழைய வண்டின்னே தெரியலையே."

மாப்பிள்ளையும் அவரும் அவர் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வக்கீல் முன்னால் அழகிரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மெயின்கார்டு கேட் தாண்டும்போது சம்பந்தி முன்னால் சாய்ந்தார்.

"சாயங்காலம் ஜானவாசம் இதுலதானே?"

அழகிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை, அதுக்கு வேற வண்டி" என்றார் வக்கீல். "பெரிசு. சௌகரியமா இருக்கும்."

"எதுக்கு வேற? இதுக்கு என்ன குறைச்சல்? எங்களுக்குப் பெரிசா வேணும்னெல்லாம் ஒண்ணும் கிடையாது ஸ்வாமி. இது இருந்தாலே போறுமே. நீங்களா எதுக்குச் செலவ இழுத்து விட்டுக்கறேள்?"

வக்கீல் சிரித்தமாதிரி ஏதோ சத்தம் செய்தார். அழகிரி அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் தன்னைப் பார்ப்பதும், பார்வையை எடுத்துக்கொள்வதும் தெரிந்தது. மதுரையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவே தெரியாது. பின்னால் திரும்பி ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் பூமா கல்யாணத்தில் ஒரு பேச்சு கிளம்பும். அதுவும் கடைசியில் இந்த வண்டியின் தலையில்தான் வந்து விழும். பாலத்தின் மீது காற்று வீசியது.

வீட்டு வாசலில் பந்தலும் வாழை மரமும் இருந்தன. சம்பந்தியை உள்ளே அழைத்துப் போன வக்கீல், பெட்டிகளை இறக்கி முடிக்கும்போது திரும்பி வந்தார். வாடகையை அழகிரியின் கையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"வண்டிய கொஞ்சம் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கோ. தென்னூர் வண்டி வந்து வாசல்ல நிக்கணும். பூ கட்டறவா காத்துண்டு இருக்கா."

"சரிங்க சாமி" என்றான் அழகிரி.