ஜாப் ஒர்க்கில் ஒரு நேர்ச்சை

எங்கள் முதலாளி கந்தவேலுக்கு எதையும் முழுசாகப் பார்க்க வராது. பனியனைக் கையில் எடுத்தால் கழுத்து வேறு, கை வேறு, பாட்டம் வேறு என்றுதான் கண்ணுக்குத் தெரியும். முருகனைக் கும்பிடும்போதுகூட வேல், மயில், சேவல் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இப்படிப்பட்ட மனுசனை நம்பி நாகப்பட்டினத்துக்கு டூர் போனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அவிநாசிபாளையத்தில் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஒரே ஒரு தையல் லைன், அதில் நான் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். வெள்ளிக்கிழமை விடியும்போது நாகப்பட்டினத்தில் இறங்கி மியூசியம், சிக்கல் முருகன் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, கடல் எல்லாம் பார்த்துத் திரும்புவதாக ஏற்பாடு. தஞ்சாவூரைத் தாண்டியதும் வேன் படுத்துவிட்டது. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, சாமான் வாங்கி, ஊர் வந்து சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரமே முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஷிப்மென்ட் இருந்ததால் பொழுது சாய்வதற்குள் கிளம்பியாக வேண்டும்.

ஏதாவது ஒரு இடத்துக்கு எல்லோரும் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். முதலாளி சிரித்தார்.

"ஏனுங்க, ஒரு பனியன ஒருத்தரேவா தைக்கறோம்? ஒருத்தர் சோல்டர் ஜாயிண்ட் பண்றாங்க, ஒருத்தர் கை வெக்கிறாங்க, ஒருத்தர் பாட்டம் மடிக்கறாங்க. கடைசில முழுப் பனியன் வருதுங்களா இல்லீங்களா? அதே மாதிரி ஆளுக்கொரு எடம் பாத்துட்டு வந்துருங்க. வேன்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டா எல்லாரும் எல்லாத்தையும் பாத்த கணக்குத்தானுங்க."

சொன்னதோடு விடவில்லை, வேனுக்குள்ளேயே லைன் போட்டார். தர்கா முற்றத்துக்கு ஒருவர், மினாராவுக்கு மட்டும் சரவணக்குமார். கடலை முழுசாக ஜெயசுதாவிடம் கொடுத்தார். சிக்கல் முருகனைத் தனக்கே வைத்துக்கொண்டார், அதற்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. வேளாங்கண்ணி ஒச்சாயக்காவுக்கு. எனக்கு மியூசியம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்த டூருக்கு வந்ததே வேளாங்கண்ணிக்காகத்தான். என் மனைவி ஜோதிகாவுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. இது மூன்றாவது, ஏழாம் மாதம் நடக்கிறது. மாதா கோயில் மணலில் முட்டி போட்டு நடக்கிறேன் என்று அவள் நேர்ந்திருந்தாள். டாக்டர் அவளைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவளுக்குப் பதிலாக நான் வந்திருந்தேன்.

"மொதலாளி, எனக்கும் ஒச்சாயக்காவுக்கும் எடத்த மாத்தி விடுங்க," என்றேன்.

"லைன் போட்டாச்சு கண்ணு. ஓவர்லாக்காரன் பேக்கிங்குக்குப் போனா வேலை ஆகுங்களா? நேர்ச்சைய அக்காட்ட குடுத்துருங்க, வெளிய குடுத்துத் தெச்சு வாங்கற ஜாப் ஒர்க் மாதிரி."

"முட்டியால நடக்கணும் மொதலாளி! அத எப்படி வேற ஆளு செய்ய?"

"அக்கா செய்வாங்க," என்றார்.

ஒச்சாயக்கா உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் கம்பெனியில் பேக்கிங். எந்த வேலையைச் சொன்னாலும் ஒரே மாதிரி தலையாட்டுவார், இதற்கும் ஆட்டினார். "சரி தம்பி. புள்ள பேரு ஜோதிகாதானே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார். வேனே சந்தைக்கடையாகிவிட்டது. மாமியாரின் சர்க்கரை வியாதியை ஒருவர் தர்காவுக்கு அனுப்பினார், மச்சினனின் விசாவை இன்னொருவர் முருகனுக்குக் கொடுத்துவிட்டார். கடலுக்குத்தான் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஜெயசுதா கோபித்துக்கொண்டு போனாள்.

மியூசியம் வாசலில் பூட்டுத் தொங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறையாம். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை. இல்லாத வேலைக்கு யார் கணக்குக் கேட்க முடியும்? வேளாங்கண்ணி பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

மாதா கோயிலில் இருந்து பழைய கோயிலுக்குப் போகும் மணல் பாதையில் பத்துப் பதினைந்து பேர் முட்டி போட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒச்சாயக்கா. சேலையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார், இரண்டு முட்டியும் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா பண்ணுதிய? எந்திரிங்க, மிச்சத்த நான் நடக்கேன்."

"நீ எங்கிட்டுப்பா வந்த? மியூசியம் என்னாச்சு?"

"பூட்டியிருக்கு. எந்திரிங்கக்கா."

"பாதியில ஆளு மாத்தக் கூடாது தம்பி. இத முடிச்சுக் குடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."

அவர் சர்ச்சுக்கு வருவதே அதுதான் முதல் தடவை. ஜெபம் எதுவும் தெரியாது. "ஆத்தா, ஜோதிகா புள்ளய நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்" என்ற ஒன்றையே ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் முட்டி போட்டேன். கடைசி வரை பக்கத்திலேயே நகர்ந்தேன். முடித்து எழுந்தபோது அவரால் காலை ஊன்ற முடியவில்லை. கோயிலுக்குள் போக நேரமும் இல்லை. ஆட்டோ பிடித்துக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன்.

வேனில் கணக்கெடுப்பு நடந்தது. சரவணக்குமார் மினாராவை அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்றான். அதுவும் கணக்கில் சேர்ந்தது. கடல் எப்படி என்று கேட்டதற்கு ஜெயசுதா, "தண்ணிங்க. நெறையத் தண்ணி," என்றாள். ஓகே ஆனது. என் முறை வந்தது. பூட்டியிருந்தது என்றால் லைனை விட்டு எங்கே போனாய் என்று கேட்பார்.

"ராசா காலத்துப் பனியன் ஒண்ணு வச்சிருக்காவ மொதலாளி," என்று துணிந்து அடித்துவிட்டேன். "கழுத்து மட்டும் கொஞ்சம் லூசு."

"துணி கனம் எத்தன ஜிஎஸ்எம் இருக்கும்?"

"நூத்தம்பது சொல்லலாம்."

திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஒச்சாயக்கா பக்கம் திரும்பினார். "கோயிலுக்குள்ள எப்படிங்கக்கா இருக்குது?"

"உள்ள போகலைங்க. மணல மட்டுந்தான் பாத்தேன்."

முதலாளி முகம் வாடிவிட்டது. "மாதாவப் பாக்கலீங்களா? அப்பறம் இவங்கல்லாம் எப்படிப் பாத்ததா ஆகும்?" வேன் முழுக்க எங்களை ஒருமுறை பார்த்தார். "ஒரு பீஸ் கொறஞ்சா பையர் மொத்த லாட்டவே திருப்பி அனுப்பிருவானுங்க. டிரைவர் தம்பி, வண்டிய வேளாங்கண்ணிக்கு விடுங்க."

"ஷிப்மென்ட்டுங்க?" என்றாள் ஜெயசுதா.

"கெடக்குதுங்க. கொறையோட எப்படிப் போறது?"

நேரம் இல்லை என்று எங்களைப் பிரித்து அனுப்பிய அதே மனுசன், இருட்டும் நேரத்தில் எல்லோரையும் மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டார். ஒச்சாயக்கா மட்டும் இறங்கவில்லை. கால் இரண்டையும் எதிர் சீட்டில் நீட்டியிருந்தார். முட்டிகள் வீங்கிவிட்டன.

"நீ போயிட்டு வா தம்பி. என் வேலை முடிஞ்சிருச்சு."

ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஜோதிகா சொல்லச் சொன்னதெல்லாம் நெஞ்சில் இருந்தது. மாதா முன்னால் நின்று வாயைத் திறந்தேன்.

"தாயே, ஒச்சாயக்கா முட்டி," என்றேன். "நாளைக்குக் காலையில இருந்து பேக்கிங்ல நின்னாவணும் அவங்க."