சத்தம் கம்மியான மிஷின்

மரம் அறுக்கிற மிஷின் வாங்க வருகிறவர்கள் எத்தனை இஞ்ச் பிளேடு, எவ்வளவு நேரம் ஓடும், ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பது என்றுதான் கேட்பார்கள். குமரவேல் அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"இதுல எதுக்குப்பா சத்தம் கம்மி?" என்றான்.

வில்லியனூர் கடைத்தெருவில் பத்து வருஷமாக மோட்டாரும் ஸ்பிரேயரும் விற்கிற திலீப்புக்கு இந்தக் கேள்வி புதிது. "வூட்டுல கைக்கொழந்த இருக்குதாண்ணே?" என்று கேட்டான். குமரவேல் ஆமாம் என்று தலையாட்டி வைத்தான். அவனுடைய கைக்குழந்தை பன்னிரண்டாவது படிக்கிறது.

திலீப் முதலில் பெட்ரோல் மிஷினைத்தான் எடுத்தான். கயிற்றை இழுத்ததும் அது போட்ட கூச்சலில் எதிர்க் கடை டீ மாஸ்டர் தலையை நீட்டிப் பார்த்தார். குமரவேல் பதறிப்போய்க் கையைக் காட்டி அணைக்கச் சொன்னான். அடுத்து வந்தது, ஒரு கையால் பிடிக்கிற குட்டி பேட்டரி மிஷின். முருங்கைக் கிளைக்கு அது போதும். குமரவேல் சட்டைப் பையிலிருந்து ஒரு தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து மேஜைமேல் நீட்டினான். கிளையின் சுற்றளவை அதில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஒன்றரை முழம்.

"அப்ப குறுக்கால ஒம்போது இஞ்ச் வரும்ணே. பன்னெண்டு இஞ்ச் பிளேடு இல்லாம முடியாது. இன்னா மரம்?"

"பூவரசு" என்றான் குமரவேல். வாயில் வந்த முதல் மரம் அது.

திலீப் மூன்றாவது பெட்டியைத் திறந்தான். பச்சை நிறம், இரண்டு பேட்டரி, எண்ணெய் தானாகச் சங்கிலிக்கு இறங்கும், கை வழுக்கினால் சங்கிலி நின்றுவிடும். அதையெல்லாம் குமரவேல் காதில் வாங்கவே இல்லை. திலீப் பொத்தானை அழுத்தியபோது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டான்.

"மிக்சி ஓடற சத்தம்தாண்ணே. பக்கத்து வூட்டுக்காரன் சட்னி அரைக்கிறாங்கன்னு நெனச்சிக்குவான்."

அந்த ஒரு வார்த்தையில் வியாபாரம் முடிந்தது. கண்ணாடி, கையுறை எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னான் திலீப். கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு, மிஷினை யூரியா சாக்கில் போட்டு வண்டியில் கட்டினான் குமரவேல். பாகூரிலேயே இது கிடைக்கும். ஆனால் பாகூர் கடையில் இவனை விசாரிப்பதற்கு முன்னால் இவன் அண்ணனை விசாரிப்பார்கள். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

விஷயம் இதுதான். குருவிநத்தத்தில் அண்ணன் பக்கிரியின் வீடும் தம்பி குமரவேலின் வீடும் ஒட்டினாற்போல இருக்கின்றன. நடுவில் வேலி. வேலியோரம் அண்ணன் பக்கத்தில் ஒரு வேப்பமரம். மரம் அண்ணனுடையது, அதன் பெரிய கிளை மட்டும் தம்பி வீட்டுக்கு மேலே. அந்தக் கிளைக்கு நேர் கீழே, சிமெண்டு ஷீட் போட்ட அறையில்தான் குமரவேலின் மகள் அர்ச்சனா படிக்கிறாள், படுக்கிறாள். ஆனியிலேயே ஒரு நாள் அடித்த காற்றில் கைத்தடி கனமுள்ள கொப்பு ஒன்று முறிந்து, ஷீட்டைப் பொத்துக்கொண்டு அவள் கட்டில்மேல் விழுந்தது. அவள் அப்போது குளிக்கப் போயிருந்தாள். அந்தத் தலையணையை எடுத்துப் பார்த்ததிலிருந்து குமரவேலுக்குச் சோறு இறங்கவில்லை. கொப்புக்கே இந்தக் கதி என்றால் கிளை விழுந்தால் என்ன ஆகும்?

அண்ணனிடம் போய்க் கேட்டான். பக்கிரி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே பதில் சொன்னார்.

"பங்குனில எங்க பொண்ணுக்கு அம்மை போட்டுதே, அப்ப உங்க அண்ணி அந்த மரத்துக்கு மஞ்சத்துணி கட்டி வேண்டிக்கினா. ஆடில கூழு ஊத்தி முடிச்சி துணிய அவுக்கற வரைக்கும் அதுல இரும்பு படக்கூடாது. ஆவணி பொறக்கட்டும்டா, நானே ஆளு வெச்சி வெட்டித் தரேன்."

"ஆடிக் காத்து அதுவரைக்கும் சும்மா இருக்குமாண்ணே?"

"பாப்பாவ எங்க வூட்டுல வந்து படுக்கச் சொல்லு."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அர்ச்சனா அறையை விட்டு வரமாட்டேன் என்றாள். படிப்பு கெடும் என்றாள். மரம் வெட்டுகிற சம்மந்தத்திடம் போனான். அவர் நடு ஆடியில் வேப்பமரமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதோடு, அவர் எந்த மரத்தில் ஏறினாலும், "மரம் எறங்குது, ஒதுங்கு!" என்று மூன்று தடவை கத்திவிட்டுத்தான் கை வைப்பார். அவருடைய பெட்ரோல் மிஷின் உறுமினாலே தெருவிலுள்ள தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஆளை வைத்து எந்தக் காரியத்தையும் கமுக்கமாகச் செய்ய முடியாது.

அண்ணனை எதிர்த்து வெட்டிவிடலாம்தான். கிளை தன் தலைக்கு மேல் இருக்கிறது, கேட்பார் யார்? ஆனால் குமரவேலுக்குப் பயமாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் போர்வெல் மோட்டாரை வைத்துச் சண்டை வந்து, இரண்டு வருஷம் அண்ணன் இவன் முகத்தில் விழிக்கவில்லை. வயலில் ஒரே வரப்பில் எதிர்ப்பட்டாலும் ஆளுக்கொரு பக்கம் சேற்றில் இறங்கிப் போனார்கள். அதை முடித்துவைத்தது அண்ணி ஜோதிலட்சுமி. ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை அவள் யாரையும் கேட்காமல் வேலியில் இரண்டு மூங்கிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தச் சந்து வழியாகக் கூழ்ச் செம்போடு வந்து, "இன்னாப்பா கொமரவேலு, குடிக்கிறியா, இல்ல கொட்டிட்டுப் போவட்டா?" என்று நின்றாள். அவன் குடித்தான். குடிக்கும்போது அழுதான். அந்தச் சந்தை அப்புறம் யாரும் அடைக்கவில்லை. வருஷா வருஷம் கோயிலில் கூழ் ஊற்றி முடிந்ததும் முதல் செம்பு அந்த வழியாகத்தான் வரும். இன்னொரு தடவை உறவு அறுந்தால் அண்ணியாலும் கட்டிச் சேர்க்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

அதனால் ஒரு யோசனை பண்ணினான். அண்ணன் குடும்பம் கோயிலுக்குப் போகிற நேரத்தில் கிளையை அறுத்துவிடுவது. அடியில் அறுக்காமல் மேலாக மட்டும் முக்கால்வாசி அறுத்தால் மிச்சம் தானாகப் பிய்ந்துகொண்டு விழும். அறுத்த இடத்தைக் கத்தியால் கொத்திக் கரடுமுரடாக்கிவிட்டால், காற்றில் முறிந்தது என்று சொல்லிவிடலாம்.

மனைவி செல்வகுமாரிக்கு இது பிடிக்கவில்லை. மிஷினின் பேட்டரி கூடைக்கு அடியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "திருடன் மாதிரி இன்னாத்துக்கு இதெல்லாம்? அண்ணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டுங்களேன். அவுங்க புரிஞ்சிக்குவாங்க."

"அண்ணிகிட்ட சொன்னா அண்ணன்கிட்ட சொன்ன மாதிரி. நீ வாய மூடிக்கினு கோயிலுக்குப் போ."

ஆடி மூன்றாவது ஞாயிறு. பத்து மணிக்கெல்லாம் தெரு காலியாகிவிட்டது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. அர்ச்சனா பாகூரில் ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தாள். செல்வகுமாரி கோயிலுக்குப் போனாள். வாசல்படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கேட்டால் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனதாகச் சொல்லச் சொல்லியிருந்தான் குமரவேல்.

கிளை ஷீட்டின்மேல் விழக்கூடாது. அதனால் அதன் நுனிப்பக்கம் ஒரு கயிற்றைக் கட்டி, வேலிக்கு அந்தப் பக்கமுள்ள தென்னையில் இழுத்து முறுக்கிவிட்டான். பிய்ந்தால் கிளை வேலிப் பக்கம் திரும்பி விழும். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? அண்ணி வருவதற்கு எப்படியும் மத்தியானம் ஒரு மணி ஆகும். ஏணியைச் சாத்தி ஏறினான். மஞ்சள் துணி கட்டியிருந்த அடிமரத்தைத் தாண்டும்போது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மிஷின் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடுவில் அது மிக்சி ஓடுகிற சத்தமாகத்தான் கேட்டது. வெண்ணெயாக இறங்கியது சங்கிலி. மரத்தூள் கண்ணாடியில் அப்பியது. கால்வாசி, அரைவாசி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைச் சரியாகப் பார்த்து வாங்கியிருக்கிறோம் என்று அவனுக்கு ஒரு பெருமைகூட வந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு காற்று அடித்தது. நினைத்ததற்கு முன்னாலேயே கிளை மடாரென்று பிய்ந்தது. கயிறு இழுத்த இழுப்பில் சுற்றிக்கொண்டு வேலிச் சந்தில் போய் விழுந்தது.

விழுந்த சத்தத்தோடு ஒரு பித்தளைச் செம்பு உருண்டு போகிற சத்தமும் கேட்டது.

ஏணியிலிருந்து இறங்கினானா, குதித்தானா தெரியாது. இலைக்குவியலுக்குள் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை தெரிந்தது. ஜோதிலட்சுமி மல்லாந்து கிடந்தாள். கிளையின் கனமான பாகம் அவளுடைய வலது தொடைமேல் கிடந்தது. கூழ் தலைமாட்டில் கொட்டி மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி! அண்ணி!"

அவளுக்கு நினைவு இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"கோயிலாண்ட உன்னக் காணமேன்னு... சூடா இருக்கச்சொல்லவே குடுத்துரலாம்னு வந்தேன்பா" என்றாள். மூச்சு வாங்கியது. "மிக்சி சத்தம் கேட்டுது. பாப்பா வூட்டுல இருக்கறான்னு நெனச்சேன்."

குமரவேல் கிளையைத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. ஓடிப்போய் மிஷினை எடுத்துவந்து, அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு பக்கமும் அறுத்தான். வாய்விட்டு அழுதுகொண்டே அறுத்தான். அவள் மிஷினைப் பார்த்தாள், மேலே அறுபட்டிருந்த மரத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அறுத்த துண்டைப் புரட்டித் தள்ளியபோது பல்லைக் கடித்தும் தாங்காமல் அலறினாள்.

அலறல் கேட்டு யாரோ ஓட, கோயிலுக்கு ஆள் போய், பக்கிரி வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். வாசலில் ஆள் குரல் கேட்டதும் குமரவேலின் கை தானாக மிஷினை இலைக்குவியலுக்குள் தள்ளியது. அந்தக் கையை நினைத்தால் அவனுக்கு இன்றைக்கும் கூசுகிறது.

"இன்னாடி ஆச்சி? இன்னாடா ஆச்சி?"

குமரவேல் வாயைத் திறப்பதற்குள் ஜோதிலட்சுமி சொன்னாள். "காத்துல முறிஞ்சிட்டுது. நான்தான் பாக்காம வந்துட்டேன்."

அவன் தயார் பண்ணி வைத்திருந்த அதே பொய். அவளைத் தூக்குகிற பதற்றத்தில் பக்கிரி கிளையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது என்றார்கள். கம்பி வைத்து ஆபரேஷன் பண்ண வேண்டும், எழுந்து நடக்க ஆறு மாதமாவது ஆகும், முன்னைப்போல் நடப்பாளா என்பதை இப்போது சொல்ல முடியாது. வார்டுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. பக்கிரி குமரவேலின் முழங்கால்மேல் கையை வைத்தார். மோட்டார் சண்டைக்குப் பிறகு அவர் இவனைத் தொட்டதே இல்லை.

"தப்பு என்னுதுடா" என்றார். "நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் ஆடி, கூழுன்னு பேசிக்கினு இருந்தேன். உன் வார்த்தையக் கேட்டிருந்தா இன்னிக்கி அவ கால் போயிருக்காது. ஆத்தா எனக்குத்தான்டா புத்தி சொல்லியிருக்கா." தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கே சம்மந்தத்தக் கூப்ட்டு மரத்தையே அடியோட எடுத்துடறேன். உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லடா."

குமரவேல் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. மகள் தலைக்கு மேல் கிளை இல்லை. அண்ணன் கோபமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறவள் அதற்காகத்தான் பொய் சொன்னாள். இன்னும் ஒரு தடவை இரண்டு மூங்கிலைப் பிடுங்கிப் போட்டு வழி விட்டிருக்கிறாள். முழங்கால்மேல் இருந்த அண்ணன் கையின் சூடு அவனுக்குத் தாங்கவில்லை.

"காத்து இல்லண்ணே" என்றான். "நான்தான் அறுத்தேன்."

பக்கிரி முதலில் புரியாமல் பார்த்தார். குமரவேல் எல்லாவற்றையும் சொன்னான். வில்லியனூர் போனது, சாக்கில் கட்டி வந்தது, கயிறு கட்டியது, கத்தியால் கொத்தி மறைக்க நினைத்தது, மிஷினை இலைக்குள் தள்ளியது. ஆடியில் மரத்தைத் தொட்டதற்கு அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. பக்கிரி முழங்காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"வெட்டுன, செரி" என்றார். "மரம் எறங்குதுன்னு ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதாடா? ஒரே ஒரு கொரல். அவ ஒதுங்கியிருப்பாளே."

அவர் எழுந்து வார்டுக்குள் போனார். குமரவேல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் கையை விட்டபோது ஒன்றரை முழம் நார்க்கயிறு இன்னும் அதிலேயே இருந்தது. யாருக்கும் கேட்கக் கூடாது என்றுதானே அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கினான்? அண்ணிக்கும் அது மிக்சியாகத்தான் கேட்டது.