கல்யாண் ஆயிட்டா?

நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் முந்தின நாளே வந்திருக்க வேண்டும். மறுநாள் வெயில் ஏறிய பிறகும் வந்தபாடில்லை. தாதர் ஸ்டேஷனில் நான் டீ குடிப்பதும், இண்டிகேட்டரைப் பார்ப்பதும், பார்த்த கோபத்தில் இன்னொரு டீ குடிப்பதுமாக இருந்தேன்.

எனக்குத் தாராவியில் பை தைக்கிற பட்டறை. ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களை ரயிலடியில் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, இந்திக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுப்பது உபதொழில். என் மனைவி விஜயராணியைக் கேட்டால் அதுதான் தொழில், பட்டறைதான் பொழுதுபோக்கு என்பாள். "இசக்கிராஜுக்குக் கூலி எதுக்கு? திருப்பிப் பேசத் தெம்பில்லாத ஆளாப் பாத்துக் கெடைக்காவல்லா, அது போதும்" என்றும் என்னைச் சொல்வாள்.

அன்று வரவேண்டியவர் பெயர் சிவனாண்டி. களக்காட்டுக்கு மேலே, காலையும் சாயங்காலமும் மட்டும் பஸ் எட்டிப்பார்க்கிற மலையடி ஊர்க்காரர். குரல்வளையில் கட்டி. குரலை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்பதைப் பம்பாயில்தான் சொல்வார்கள் என்று திருநெல்வேலி டாக்டர் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துச் சொல்கிற டாக்டர்கள் வாரத்தில் ஒருநாள், மத்தியானத்துக்கு முன்னால், ஒன்றாக உட்காருவார்கள். அந்த நாள் இன்று. தவறினால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று சொல்வாரில்லை. அதுவரை கட்டி சும்மா இருக்கும் என்றும் சொல்வாரில்லை. ஊர் நர்ஸ் சங்கரேஸ்வரி அங்கே இங்கே கெஞ்சி இந்த இடத்தை வாங்கி, என் நம்பரையும் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

கூட வருவது மகள் கனகவள்ளி. அப்பா தொண்டையை வருத்தக்கூடாது என்று போனைத் தானே வைத்திருந்தாள். கூப்பிட்டேன். வண்டி மலையில் குகை குகையாக நுழைந்து வந்திருக்க வேண்டும்; பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்டது.

இங்கே ஒரு விஷயம். எங்கள் பம்பாய்த் தமிழில் ஸ்டேஷன்கள் வருவதுமில்லை, போவதுமில்லை. ஆகும். தாணே ஆயிட்டு, குர்லா ஆயிட்டு என்போம். பிறந்ததிலிருந்து அப்படிப் பேசியே பழக்கம்.

"தாயி, கல்யாண் ஆயிட்டா?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு ஒங்களுக்கு?"

"எதுக்கா? நல்லாக் கேட்ட போ. ஒனக்காவத்தான காலையில இருந்து நிக்கேன். ஆயிட்டுன்னா சொல்லு, பிளாட்பாரத்துக்கு வந்திருதேன். ஆகலைன்னா ஒண்ணுமில்ல, ஆகுத வரைக்கும் வெயிட் பண்ணுதேன்."

"ஒங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரெண்டு. பாத்தாத் தெரியாது."

போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் சிக்னல்தான் போகும்.

வண்டி தாதருக்கு வந்தது. அவர்கள் பெட்டியில் அவர்கள் இல்லை. எதிர் இருக்கைக்காரர், அந்தப் பெண் யாரோடோ போனில் பேசிவிட்டுப் பதறிப்போய், முந்தின ஸ்டேஷனிலேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள் என்றார். கனகவள்ளியின் நம்பருக்குப் போட்டால் மணியே அடிக்கவில்லை. சங்கரேஸ்வரியைக் கூப்பிட்டு, ஆளைக் காணவில்லை, நேரம் ஓடுகிறது என்று கத்தினேன். அவள் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். குரலில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைட்ட என்ன கேட்டிய?"

"கல்யாண் ஆயிட்டான்னு கேட்டேன்."

"ஆகலைன்னா வெயிட் பண்ணுதேன்னும் சொன்னியளாம்லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிளாட்பாரத்தில் நின்றபடியே தலையில் கைவைத்துவிட்டேன்.

"ஒங்கட்ட இருந்து தப்பிக்கத்தான் ஒங்க நம்பரயும் பிளாக் பண்ணிட்டு எறங்கியிருக்கா. இப்ப எங்கட்டி நிக்கேன்னு கேட்டேன். பக்கத்துல உள்ளவன்ட்ட கேட்டுட்டு, 'அக்கா, இந்த ஊரு பேரே கல்யாண்ங்கான்'னு சொன்னா."

அவர்களை அங்கேயே நிற்கச் சொல்லும்படி சொல்லிவிட்டு, வந்த லோக்கலில் தொற்றினேன். கல்யாண் வரைக்கும் கதவோரத்தில் நின்று, வண்டியை நானே தள்ளிக்கொண்டு போவது போலக் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தேன்.

பாலத்துப் படிக்குக் கீழே நின்றார்கள். கனகவள்ளி என் முகத்தைப் பார்க்கவில்லை. பையை மட்டும் என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். சிவனாண்டி கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கிட்டப்போனால், சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை, பேசாதிய என்று மகள் அடக்கினாள்.

ஆபீஸ் கூட்டம். புற்றுநோய்க்காரர்களுக்கு ஊனமுற்றோர் பெட்டியான ஹேண்டிகேப் டப்பாவில் ஏற அனுமதி உண்டு, துணைக்கு ஒருவரும் போகலாம். நான் கூடுதல். உள்ளே ஏறியதும் எல்லோரும் என் கைகால் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. கோளாறு வாயில் என்று யாரிடம் சொல்ல? வண்டி முலுண்டில் நின்றது, பாண்டுப்பில் நின்றது, ஸ்டேஷனே இல்லாத இடத்திலும் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வந்துகொண்டே இருக்கிறோம் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். எடுத்த பெண் கடைசியில் என் குரல் கேட்டாலே 'ஆவோ பாபா', வந்து தொலையுங்கய்யா, என்று வைத்துவிட்டாள்.

போய்ச் சேர்ந்தபோது டாக்டர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் ஹரிதா எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். படங்களைப் பார்த்தார்கள். தங்களுக்குள் நிதானமாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு ஹரிதா என்னிடம் இந்தியில் சொன்னார்.

நான் தமிழாக்கினேன். "கட்டிய எடுத்துருவாவளாம். உசுருக்கு ஒண்ணுமில்ல. பேச்சு மட்டும் கொஞ்ச நாளைக்கு வராது, அம்புட்டுதான்."

கனகவள்ளி அன்றைக்கு முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "கொஞ்ச நாளுன்னு சொல்லுத மூஞ்சி இல்ல அந்தம்மா மூஞ்சி. அவுக சொன்னத மட்டும் சொல்லுங்க மாமா."

இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு வாய் வாடகைக்குக் கொடுத்தவன். வாயை ஒருதடவை துடைத்துக்கொண்டேன். ஹரிதா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"குரல்வளையையே எடுக்கணுமாம். எடுத்தா உசுரு நிக்கும். வேற விதமாப் பேசப் பழக்கிக் குடுப்பாவ. ஆனா இப்ப இருக்க இந்தக் கொரலு திரும்ப வராது."

சிவனாண்டி துண்டை அவிழ்த்து மடியில் போட்டார். காற்றுப் போல ஒரு குரலில் "எப்பம்?" என்றார். காலையில் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். தலையாட்டினார்.

வெளியே வந்ததும் மகளிடமிருந்து போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் பேச வேண்டும். ஆனால் வீட்டில் சிக்னல் கிடையாது. சாயங்கால பஸ் வரும்போது அவர் மனைவி ரோட்டுக்கு இறங்கி வந்து, அங்கிருந்துதான் கூப்பிடுவாள் என்று கனகவள்ளி சொன்னாள். என் வீட்டுக்குப் போய்க் காத்திருக்கலாம் என்றேன். அவர் ஆஸ்பத்திரி வாசல் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார், எழவில்லை. தாராவிச் சந்துக்குள் சிக்னல் நிற்காது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

சாயங்காலம் வரை அவர் வாயே திறக்கவில்லை. மகள் கேட்டதற்கும் கையால்தான் பதில். இருக்கிற குரலைச் சேர்த்து வைக்கிறார் என்று எனக்கு மெல்லத்தான் புரிந்தது. நான் தண்ணீர் வாங்கப் போனேன், வந்தேன், இளநீர் வாங்கப் போனேன், வந்தேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

போன் அடித்தது. காதில் வைத்தார். எதிர்ச்சாரி வடாபாவ் கடைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது. ரயில் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே, ஒரு போன் உண்டா. மேலவீட்டு ஆடு வாழைக்கன்றில் வாயை வைத்துவிட்டது, கேட்டால் சண்டைக்கு வருகிறாள். கண்டக்டர் பயல் ஆள் இறங்குவதற்குள் விசில் அடித்துவிட்டான். நீரு எதையாவது சாப்பிட்டீரா இல்லையா? பதிலுக்கு இடமே விடவில்லை. சிவனாண்டி வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். கனகவள்ளி விஷயத்தைச் சொல்ல போனுக்குக் கை நீட்டினாள். அவர் விலக்கினார்.

ஒருவழியாக அந்தப் பக்கம் மூச்சு வாங்க நின்றது. குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த நான் நின்றேன்.

"கேக்கல" என்றார் சிவனாண்டி. "மொதல்ல இருந்து சொல்லு."

அவள் ஆட்டிலிருந்து ஆரம்பித்தாள்.